கேட் இரண்டு

புதுக் கூரை போட்டாகிவிட்டது.
பிராஸ்பெக்டனில் மழைக்காலத்துக்கு முன்பே போட்டார்கள்,
மூன்றாவது லைனுக்கு.
ஒரு காருக்குள் ஒன்றரைக் கிலோமீட்டர் வயர் ஓடுகிறது என்றார்
ஃபோர்மேன் பூபாலன் நாயுடு,
தானே உள்ளே புகுந்து அளந்தவர்போல.

நூற்று நாற்பது பேர் வேண்டும்.
அறிவிப்பை ஒட்டியது நான்தான். செல்லோடேப்பும் என்னுடையது.

விடியுமுன் ஐசிப்பிங்கோ ரயில்பாலம் வரைக்கும் வரிசை.
உம்லாசியிலிருந்து, சாட்ஸ்வர்த்திலிருந்து,
டாக்சிக்குக் காசில்லாமல் நடந்தே வந்தவர்கள்
ஷூவைக் கையில் பிடித்திருந்தார்கள்,
உள்ளே கூப்பிட்டால் போட்டுக்கொள்ள.
யாரையும் கூப்பிடவில்லை.
எங்கிருந்தோ ஒரு காலி அட்டைப்பெட்டியைத் தந்து
இதில் போட்டுவிட்டுப் போகச் சொல் என்றார்கள்.

பத்து மணிக்குக் கடல் பக்கமிருந்து மழை.
ஒருவரும் வரிசையை விடவில்லை.
பிளாஸ்டிக் பைக்குள் மெட்ரிக் சான்றிதழ்,
தலை வெளியே.

இரவு, பெட்டியின் அடி கழன்றது.
ஒவ்வொன்றாக எடுத்து நாற்காலியில், ஹீட்டர் மேல்,
மேசைக்கு அடியில்கூட விரித்தேன்.
படிக்கக் கூடாது. படித்தேன்.
முந்தைய வேலையை விட்ட காரணம்:
ஆலை மூடல். ஆலை மூடல். பிரசவம். ஆலை மூடல்.
ஹ்லெங்கிவே ம்கீஸே என்ற ஒருத்தி
பென்சிலால் எழுதியிருந்தாள்:
நான் விடவில்லை, அதுதான் போய்விட்டது.
பேனா எழுத்தெல்லாம் கரைந்திருந்தது.
பென்சில் அப்படியே நின்றது.

மூவாயிரத்துச் சொச்சம் வரை எண்ணினேன்.
பிறகு கரண்ட் போனது.

என்னுடையதும் ஒன்று இருக்கிறது,
லாக்கரில், கோப்புக்குள், மடிப்பு விழாமல்.
சரஸ்பதி ரெங்கன், வயது முப்பத்தெட்டு,
இதே கேட்டில் பதினோரு வருடம்,
சம்பளம் மட்டும் வேறொரு கம்பெனியிலிருந்து.
ஆலைக்கு என்னைத் தெரியாது.
அதன் பூட்டு ஒவ்வொன்றும் எனக்குத் தெரியும்,
எது இழுத்துத் திருப்பினால்தான் திறக்கும் என்பது உட்பட.

மேலே வைத்தால் தெரிந்துவிடும்.
அடியில் வைத்தால் அவ்வளவு தூரம் யார் வருவார்கள்?
நடுவில் செருகினேன்,
ஹ்லெங்கிவேக்கு இரண்டு தாள் கீழே.
அவளை ஒட்டி வைக்கக் கூச்சம்.

செருகியும் மனசு ஒப்பவில்லை.
சுருங்கிப் பொருமிய அத்தனை தாளுக்கும் நடுவே
அது ஒன்றுதான் இஸ்திரி போட்டதுபோல.
உருவி எடுத்து வெளியே போனேன்.
புதுக் கூரைத் தண்ணீர் விழும் இடத்தில்
பத்து எண்ணும்வரை பிடிப்பதென்று நினைத்தேன்.
ஏழில் என் பெயர் கலங்கத் தொடங்கியது.