மூன்று டொலர் அறுபது

மார்ச் முதலாம் திகதி பெட்டிகள் திரும்பி வந்தன.
பெப்ரவரி முழுக்க, கறுப்பர் வரலாற்று மாதமென்று,
கண்படும் தட்டில் வைத்திருந்த மருந்துக்கடை
மாதம் முடிய மரியாதையையும் முடித்துக்கொண்டது.
பெட்டியில் ஒரு துண்டு ஒட்டியிருந்தார்கள்:
'பருவகாலச் சரக்கு.'

யூலலி கிளாக்கன் அதைக் கிழித்தெறியவில்லை.
பக்குவமாக உரித்து,
மல்வேர்ன் பேஸ்மென்டில், வெண்ணெய் கடையும் மெஷினுக்கு மேலே,
நாங்கள் சாமிப்படம் மாட்டுகிற உயரத்தில் ஒட்டினாள்.
"தலைமயிர் பருவத்துக்கோ முளைக்குது, துஷி?"
நான் கணக்குக்காரி. செவ்வாயும் வெள்ளியும் வருவேன்.
அந்தக் கேள்விக்கு என்னிடம் பதிவேடு இல்லை.

தட்டு தராவிட்டால் போகட்டும்,
தலைகள் இருக்கின்றன என்று தொடங்கியது அப்படித்தான்.
சொல்லி விற்பவர் ஒவ்வொருவருக்கும் ஒரு குறியீடு.
போத்தல் இருபத்து நான்கு டொலர்,
பதினைந்து வீதம் கொமிஷன்,
மூன்று டொலர் அறுபது சதம்.

முதலில் பிழைவிட்டோம்.
இரண்டு லட்சம் பேர் பின்தொடரும் ஒருத்திக்குப்
பன்னிரண்டு போத்தல் சும்மா அனுப்பினோம்.
மூடியைத் திறந்தாள், கண்ணை மூடி முகர்ந்தாள்,
வீடியோ முடிந்தது.
விற்றது நான்கு.
டயலிசிஸ் வார்டில் இரவு வேலை செய்யும் ஹோதான்
அதே மாதம் நாற்பத்தொன்று விற்றிருந்தாள்.
நான்கு மணித்தியாலம் கதிரையில் கட்டுண்டவர்கள்
இரத்தத்தைப் பற்றியா கதைப்பார்கள்?

பிறகு கள்ளன் வந்தான்.
கூப்பன் தளமொன்று.
ஹோதான் இரண்டு கிழமை சொல்லிச் சொல்லி அனுப்பியவர்கள்
காசு கட்டும் வாசலில் நின்று தள்ளுபடி தேட,
அங்கே கால் நீட்டி இருந்தான் அவன்.
கடைசிக் கிளிக் யாருடையதோ கொமிஷன் அவருக்கு.
உழுதவள் ஒருத்தி, கதிர் இன்னொருவனுக்கு.
"மெஷினுக்குக் கடைசிக் கைதான் தெரியும்," என்றேன்.
"எனக்கு முதல் வாய் தெரியவேணும்," என்றாள் யூலலி.

அன்றிரவே கூப்பன்காரனை வெட்டினாள்.
விற்பனைப் பக்கத்தில் ஒரு வெற்றுப் பெட்டி போட்டாள்:
யார் சொன்னது?

என் தலையிடி அதிலிருந்து.

'கெல்ரிக்கின் சலூனில் காத்திருந்தவர்களில் தடித்தவர்.'
'பதினோராம் மாடிக்காரி, லிஃப்டில்.'
'என் பழைய புருஷனின் புதுப் பெண்சாதி.
ஆள் மோசமில்லை.'
ஒவ்வொருவராய்த் தேடிப் பிடித்துக் காசு போட்டோம்.
தடித்தவர் முதலில் நம்பவில்லை,
பிறகு ஒன்பது பேரைக் கூட்டி வந்தார்.

ஒன்று மட்டும் தீரவில்லை:
'ஒருவரும் சொல்லவில்லை. ஐம்பத்து நாலாம் நம்பர் பஸ்ஸில்
முன் சீட்டுத் தலை மணந்தது.'

அழித்துவிடுவோம், பெயரில்லை, குறியீடில்லை என்றேன்.
"போத்தல் வித்தது பொய்யோ?"
இல்லை.
"அப்ப கடன்."

இருநூற்றுப் பதினெட்டாம் வரி: முன் சீட்டுத் தலை.
முகவரி வெற்று.
நிலுவை மூன்று அறுபது.

இப்போது ஐந்தாம் திகதிதோறும் நூற்றுத் தொண்ணூறு பேருக்குக் காசு போகிறது.
கடன் கேட்டு மூன்று தரம் போன வங்கி
நான்காம் தரம் தானாக அழைத்தது.
போன கிழமை, சரியாக ஜனவரி நடுவில்,
மருந்துக்கடையிலிருந்து கடிதம்: சந்திக்கலாமா?
துண்டை ஒருதரம் நிமிர்ந்து பார்த்தாள்.
"அவைக்கும் ஒரு குறியீடு குடு, துஷி.
பதினைந்து வீதம். எல்லாருக்கும் போல."

என் குறியீட்டில் விற்பனை இன்றுவரை பூச்சியம்.
எங்கட ஆட்களுக்குத் தேங்காயெண்ணெய் கற்புமாதிரி.

ஆனாலும் லோரன்ஸ் கிழக்கில் பஸ் ஏறினால்
இரண்டாவது சீட்டில்தான் இருக்கிறேன்.
பனிக்காலம். எல்லாத் தலையும் தொப்பிக்குள்,
நனைந்த கம்பளி நாற்றம்.
மன்னிக்கவேணும், உங்களுக்கு ஒரு காசு வரவேண்டியிருக்கு
என்று மனதுக்குள் சொல்லிப் பழகுகிறேன்.
பைத்தியம் என்று நினைப்பார்கள்.

இன்று மோர்னிங்சைட் தாண்டியதும்
முன்னால் இருந்தவள் தொப்பியைக் கழற்றினாள்.