சுங்கம் கட்டிய காசு

ராட்டர்டாமிலிருந்து வந்த உறையின் மேல்
"செம்பு வட்டு, ஒன்று" என்று எழுதியிருந்தது.
நாகப்பட்டினத்தில் டச்சுக்காரன் அடித்தது.
ஒரு முகத்தில் காளி.
மறுமுகத்தில் மூன்று வரியாய் ஒடிந்த தமிழ்:
நாக
பட்ட
ணம்.

வெளிநாட்டு அஞ்சலகத்தில்
என் படிவம் மின்விசிறிக் காற்றில் பறக்காதிருக்க
அந்த உறையையே அதன்மேல் வைத்தார் ஷகிலா மேடம்.
"நூறு வருஷத்துக்கு மேலயா, கீழயா?"
மேலே என்றால் ஒரு விதி, கீழே என்றால் வேறு.
"பாத்தாத்தான் மேடம் தெரியும்."
"கட்டினாத்தான் பாக்க முடியும்."
இது இங்கிருந்து போனதுதான்,
தமிழ் எழுதியிருக்கிறது என்றேன்.
"போறப்ப வரி கட்டினாங்களான்னு
எனக்கெப்படித் தெரியும்?" என்று
நிஜமாகவே யோசித்தார்.

ஆயிரத்து எழுநூற்று முப்பத்திரண்டு ரூபாய்.
ரசீதில் ஊதா முத்திரை
ரேகை ரேகையாய் விழுந்தது.

சைதாப்பேட்டையில் எங்கள் லேபில்
பல் உலோகம் நிறுக்கும் தராசு இருக்கிறது,
மூச்சு விட்டால் எண் மாறும்.
மூச்சைப் பிடித்துக்கொண்டு வைத்தேன்.
பட்டியலில் உள்ளதைவிட அரை கிராம் குறைவு.
தேய்ந்திருக்கும், என்றது மனசு.
முந்நூறு வருஷம், எத்தனை கை, எத்தனை மடி,
கடலில் வேறு போயிருக்கிறது,
என்று காசின் வக்கீலாய் வாதாடியது.

பிறகு லென்ஸ்.
காளியின் முழங்கைக்கு அடியில் ஒரு முத்து.
கடுகைப் பத்தாய் நறுக்கினால்
அதில் ஒரு துண்டு.

எனக்கு அந்த முத்தைத் தெரியும்.
மாவைக் கரைத்து ஊற்றும்போது
அதிர்வு மேஜையில் இன்னும் அரை நிமிஷம்
வைக்காமல் போனால்
மெழுகில் ஒட்டிய காற்று
உலோகத்தில் முத்தாய் நின்றுவிடும்.
இருபத்தொரு வருஷமாய்ப் பொய்ப்பல் வார்க்கிறேன்,
எத்தனை முத்தைச் சுரண்டியிருப்பேன்.
அச்சில் வைத்துச் சுத்தியலால் அடித்த காசில்
காற்றுக்கு ஏது இடம்?

விளிம்பையும் பார்த்தேன். அரம்.
என்னைவிடச் சுமாராக ராவியிருக்கிறான்.

பணம் திரும்பக் கேட்கப் படம் வேண்டும்.
தயிர் டப்பாவின் அடியை வெட்டிக் கவிழ்த்து
இரண்டு டம்ளரின் மேல் போனை நிறுத்தி
ஜன்னலோரம் மூன்றரை மணி வரை காத்திருந்தேன்,
அடையாற்றுப் பக்கமிருந்து மேகம் வந்து
வெயிலை வடிகட்டித் தரும் வரை.
என்னிடமிருக்கும் அசல்கள் ஒன்றும்
படத்தில் நிற்பதில்லை.
கறுத்துப்போகும், அல்லது கண்ணைக் கூசும்,
பல்லாவரம் வெள்ளிச்சந்தையில் வாங்கிய
சோழக்காசு ஒவ்வொரு தடவையும் கூழாங்கல்லாகவே விழும்.
இது மட்டும்
முதல் சொடுக்கிலேயே விரல் விரலாய் வந்தது.
கழுத்தை லேசாய்த் திருப்பினமாதிரி கூட இருந்தது.

ராட்டர்டாம்காரர் மரியாதைக்காரர்.
திருப்பி அனுப்புங்கள், பணம் தருகிறேன் என்றார்.
அனுப்ப வேண்டுமென்றால்
இது பழசில்லை என்று
கோட்டைக்குப் போய்ச் சான்று வாங்கவேண்டுமாம்.
வரியைத் திருப்பித் தருவார்களா என்று
ஷகிலா மேடத்துக்குப் போன் செய்தேன்.
"காசு வந்ததா?"
வந்தது.
"அப்ப வரி சரிதானே."

ஆல்பத்தில் வைத்துவிட்டேன்.
பச்சை பூக்கும் பிளாஸ்டிக் உறையில் இல்லை,
நல்ல உறையில்தான், சிலிக்கா பொட்டலத்தோடு.
இந்த ஊர்க் காற்றுக்கு
அசல், போலி என்ற பேதம் கிடையாது.
பின்னாலேயே ரசீதை மடித்துச் செருகினேன்.
அந்தப் பக்கத்தில் சந்தேகமில்லாத சரக்கு
அது ஒன்றுதான்.

ராத்திரி பதினொன்றுக்கு
கொருக்குப்பேட்டை வஜ்ரவேலு செய்தி அனுப்பினார்.
படத்தை யாரோ அவருக்குக் காட்டியிருக்கிறார்கள்.
"நாகப்பட்டினம் தருவீங்களா?"
போலி சார், வார்ப்பு, என்று அடித்தேன்.
இரண்டு நீலக் குறி.
எழுதிக்கொண்டிருக்கிறார். நிறுத்தினார்.
மறுபடி எழுதிக்கொண்டிருக்கிறார்.

"தெரியுது. முழங்கைகிட்ட.
என்ன விலை?"