தாமதத்துக்கான காரணம்

கந்தாப்ரிய மலையைக் குடையக் கம்பெனியிடம் காசில்லை.
அதனால் தண்டவாளம்
கடன்காரனைக் கண்டவன்போல் ஓரமாகவே நடந்தது,
இருநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர்,
ஒரே ஒரு மீட்டர் அகலத்தில்.
கிழக்கே போனால் இடப்பக்கம் மலை.
திரும்பினால் வலப்பக்கம்.
வழி கேட்பவர்க்குச் சொல்ல வேறெதுவும் இல்லை.

வால்தெகொர்போ நிலையத்தின் பதிவேடுகள்
பதினோரு பெட்டி.
நான் படித்தது கடைசிக் கட்டத்தை மட்டும்:
தாமதத்துக்கான காரணம்.

1896 சனவரி: பனி.
பிப்ரவரி: மேற்படி.
மார்ச்: மேற்படி.
(பல்பினோவுக்கு மையில் சிக்கனம்.)

1903: தண்டவாளத்தில் பசு.
1904: அதே பசு.

1911: ஓட்டுநர் காளான் பறிக்க இறங்கினார்.
அபராதம் இரண்டு பெசேத்தா.
பக்கத்திலேயே வேறு மையில்,
பல்பினோவின் அதே சாய்ந்த எழுத்தில்:
காளான் நன்றாக இருந்தது.

கரி இறங்கிக்கொண்டே இருந்தது
கடலோர உலைகளுக்கு.
ஏறி வந்தது
பழைய செய்தித்தாளில் சுற்றிய மத்தி மீன்.
மலைக்காரர்கள் மீனைத் தின்றார்கள்,
பிறகு எண்ணெய் ஊறிய செய்தியை வாசித்தார்கள்,
நான்கு நாள் பழையது.

1937 ஆகஸ்ட்: பாலம்.
என்ன ஆயிற்று பாலத்துக்கு என்று இல்லை.
பாலம், அவ்வளவுதான்.
அதற்குப் பின் முப்பத்திரண்டு வெற்றுப் பக்கங்கள்,
ஆனால் ஒவ்வொன்றிலும் கோடு போட்டிருக்கிறது
யாரோ.
அப்புறம் நிமிர்ந்த எழுத்து ஒன்று தொடங்குகிறது.
அது ஒருநாளும் 'மேற்படி' எழுதியதில்லை.

1952: மூன்றாம் வகுப்பில் பிரசவம்.
பதினேழு நிமிடம்.
தாயும் வண்டியும் நலம்.

1960களில் லாரி என்ற சொல் வருகிறது.
முதலில் கடவுப்பாதையில் மோதிய லாரி,
பிறகு சரக்கைக் கொண்டுபோய்விட்ட லாரி.
எழுபதுகளில் தாமதங்கள் குறைகின்றன.
எனக்கு அது பிடிக்கவில்லை.
1989இல் வண்டி அறவே இல்லை, தாமதமும் இல்லை.
நிமிர்ந்த எழுத்துக்காரர்
அதையும் ஒரு பதிவாக எழுதி
மேலதிகாரியின் கையொப்பத்துக்கு அனுப்பியிருக்கிறார்.
கையொப்பம் இருக்கிறது.

இப்போது மறுபடி ஒரு வண்டி, ஒரே பெட்டி,
நாளுக்கு ஒன்று, மேற்கு நோக்கி மதியம்.
நேற்று அதில் நாங்கள் நால்வர்,
ஒரு சைக்கிள்.
சுரங்கம் மூடிய ஊரைத் தாண்டியதும் நின்றது.

நடத்துநர் லெயோகாடியா கையில் சின்னத் திரை.
காரணத்துக்கு இப்போது எண்தான் போட வேண்டுமாம்,
ஒன்று முதல் நாற்பது வரை:
சமிக்ஞைக் கோளாறு, மின்தடை,
பயணியின் நடத்தை.
விரலால் தள்ளித் தள்ளித் தேடினாள்.
பசு இல்லை பட்டியலில்.
"என்ன போட?" என்றாள், என்னைப் பார்த்து அல்ல,
பொதுவாக.

மேற்படி, என்றேன்.

அவளுக்கு விளங்கவில்லை. நியாயம்தான்.
மழை பிடித்திருந்தது.
பசு எழுந்திருக்கத் தயாராயில்லை.
பதினோரு நிமிடம்.
வலப்பக்கம் மலை.