ஆவன

மண்டபத்து வாசலில் நேற்றைய கல்யாணத்தின் வாழை
இன்னும் அவிழ்க்கப்படவில்லை.
மேடையில் மணமக்களின் நாற்காலிகளை
அதிகாரிகளுக்குப் போட்டிருந்தார்கள்,
சிவப்பு வெல்வெட், தங்கப் பூச்சு.
மக்கள் கருத்துக் கேட்பு, காலை பத்து மணி.
நான் தட்டச்சர், ஒப்பந்தம்.
வேலூரிலிருந்து ராணிப்பேட்டை பஸ்ஸில்
மடிக்கணினியை நிஜமாகவே மடியில் வைத்து வந்தவள்.

பாலாற்றுக்கு இந்தக் கரையில்
தோல் கம்பெனி இன்னொரு கொட்டகை கட்டப்போகிறது
என்று அடித்தேன்.
மேற்பார்வையாளர் குனிந்து பார்த்து
"கட்ட உத்தேசிக்கப்பட்டுள்ளது" என்றார்.
யார் உத்தேசித்தது? வாக்கியத்தில் அதற்கு இடமில்லை.
எழுவாய் இல்லாத வாக்கியங்களைத்தான்
பதினோரு வருடமாக அடிக்கிறேன்.

ஒருவர் எழுந்து, கருப்பா வருதுங்க என்றார்.
நிற மாறுபாடு.
நாத்தம் தாங்கல.
மணம் குறித்த கருத்து.
ரெண்டு எருமை செத்துப்போச்சுங்க.
இதற்குத்தான் அவருக்குச் சொல் கிடைக்க
சற்று நேரமானது:
"கால்நடை இழப்பு நேர்ந்ததாகக் கூறப்படுகிறது."
செத்தது எருமை.
பிழைத்துக்கொண்டது வாக்கியம்.

அப்புறம் ஒரு பெண் மைக்கை வாங்கினாள்.
பேரு?
வேண்டா.
பேரு வேணும்மா, எழுதிக்கணும்.
பேரே வேண்டாதாங்க. நாலாவது பொண்ணு நான்,
எங்கப்பன் வெச்சது.
மண்டபம் சிரித்தது. அவளும் கொஞ்சம்.

"கெணத்துல தண்ணி கீது சார்.
குடிக்க ஆவாது. சோறு பொங்க ஆவாது.
வெள்ளை வேட்டிய நனைச்சா மஞ்சளா ஆவுது.
கொட்டாய அப்புறம் பேசுங்க.
இத்தக் குடிக்கலாமா கூடாதா,
ஒரே வார்த்தை சொல்லுங்க."

வெல்வெட் நாற்காலி தொண்டையைச் செருமியது.
"பயன்பாட்டைப் பொறுத்து, உரிய காலத்தில்,
ஆவன செய்யப்படும்."

"ஆவும்ன்றீங்களா, ஆவாதுன்றீங்களா?"

"ஆவன."

பக்கத்திலிருந்தவரிடம் திரும்பி
அப்டின்னா இன்னா என்று கேட்டாள்.
அவர் என்னைப் பார்த்தார்.
நான் திரையைப் பார்த்தேன்.

சாயங்காலம் கணக்கெடுப்பு.
ஆதரவு இத்தனை, ஆலோசனை இத்தனை.
எதிர்ப்பு: ஒன்று, என்று போட்டிருந்தேன்.
"எங்கே?"
பதினேழாம் வரியைக் காட்டினேன்.
"அது பெயரும்மா, கருத்தில்லை. எடுத்துடு."
எடுத்தேன்.
எதிர்ப்பு ஏதும் பெறப்படவில்லை.

ஆனால் பிற்சேர்க்கையில், வந்திருந்தோர் பட்டியலில்
அந்தப் பெயரை யாராலும்
மாறுபாடு என்றோ உத்தேசம் என்றோ மாற்ற முடியாது.
ஆதாரில் அப்படித்தான் இருக்கிறது.
அச்சுக்கு அனுப்பும் முன்
அந்த ஒரு சொல்லின் எழுத்தை மட்டும்
இரண்டு புள்ளி பெரிதாக்கினேன்,
கொஞ்சம் தடிமனாகவும்.

யாராவது கேட்டால்,
தவறுதலாக நேர்ந்திருக்கக்கூடும்
எனக் கருதப்படுகிறது.