இரண்டாவது கியர்

குளிர் இறங்கிய காலைகளில் அது விழாது.
ஹக்கொதாத்தே மலைச்சரிவில், உப்புத் தூவிய சாலையில்,
ஒன்றிலிருந்து இரண்டுக்கு இழுத்தால்
முரண்டு பிடிக்கும்.
பல்லைக் கடித்துக்கொண்ட பிள்ளையின் வாயில்
கரண்டியைத் திணிப்பதுபோல் இருக்கும்.

ஆறு வருடம் அதைத் தாண்டியே போனேன்.
ஒன்று, பிறகு நேரே மூன்று.
எஞ்சின் இருமும், குலுங்கும்,
அப்புறம் போனால் போகிறது என்று ஓடும்.

பிழைப்புக்கு ஓட்டுவது டாக்ஸி.
அதில் இடது கைக்கு வேலையே இல்லை,
மடியில் படுத்துத் தூங்கும்.
இந்தச் சிவப்பு இரண்டு இருக்கை வண்டிதான்
வாரம் ஒருமுறை அதை எழுப்பிச் சண்டைக்கு இழுக்கும்.

விற்பதென்று முடிவான பிறகே
பழுது பார்க்கத் தோன்றியது.
வெட்கம்தான், என்ன செய்ய?

வெள்ளிக்கிழமை ராத்திரி. ஷெட்டில் மண்ணெண்ணெய் அடுப்பு.
கியர் குமிழைத் திருகிக் கழற்றினேன்,
பிறகு நடுப்பெட்டியின் திருகாணிகள் எட்டு.
சாப்பாட்டு டப்பா மூடியில் வரிசையாக வைத்தேன்.
அடியில் ஒரு நூறு யென், ஒரு முடிக் கிளிப்
(என்னுடையது இல்லை),
கல்லாகிப்போன கணவாய்த் துண்டு ஒன்று.

தோல் உறைக்குக் கீழே ரப்பர் உறை,
நெடுக்கக் கிழிந்திருந்தது.
மூன்று போல்ட். தண்டை நேராக மேலே உருவினேன்.
அதன் காலில் மாட்டியிருந்த நைலான் கிண்ணம்,
விரல்நுனி அளவுதான்,
பாதி உடைந்து, பாதி எங்கேயோ.

டார்ச் அடித்துக் குழிக்குள் பார்த்தேன்.
எண்ணெய் நிற்க வேண்டிய இடத்தில்
கறுத்த களிம்பு, ஒரு நகக்கண் அளவு.

பக்கத்து வீட்டுக் குனிஹிரோ
கப்பல்துறையில் ஹைட்ராலிக் பார்ப்பவர்.
ஊசிக்குழல் கொண்டுவந்தவர் எட்டிப் பார்த்துச் சொன்னார்:
"கியர்பாக்ஸில் குற்றம் இல்லை, ஓரியே.
கீழே எண்ணெய் நிறைய இருக்கு.
மேலே இருக்கிற இந்தக் குட்டிக் குழிக்குத்
தனி எண்ணெய். கீழே இருந்து ஏறி வராது."
அரை டம்ளர்கூட இல்லை, அது குடித்தது.

ஆறு வருடமாக
நான் யாரைத் திட்டிக்கொண்டிருந்தேன்?

புதுக் கிண்ணம், புது ரப்பர், மூன்று போல்ட்.
திருகாணி எட்டில் ஏழுக்குத்தான் ஓட்டை அகப்பட்டது.
எட்டாவதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

விடிகாலை நான்கு மணி. மைனஸ் ஒன்பது.
கிளட்சை மிதித்து, மூச்சைப் பிடித்து,
பழைய பலம் முழுவதையும் சேர்த்து
இரண்டுக்கு இழுத்தேன்.

அது அங்கே ஏற்கெனவே போயிருந்தது.
கை மட்டும் நிற்காமல் பின்னே போய்
முழங்கை இருக்கைக்குப் பின்னால் இருந்த தகட்டில்
ணங்கென்று மோதியது.
ஆளில்லாத சாலையில்
வலியோடு சிரித்தேன்.
ட்ராம் தண்டவாளம் வரை போய், திரும்பி வந்து,
இன்னொரு முறை போனேன்.
இரண்டு. இரண்டு. மறுபடி இரண்டு.

மதியம் அவோமோரிப் படகில் வந்தான் தெப்பேய்.
பனிக்கு உதவாத மெல்லிய ஷூ.
மேட்டில் ஓட்டினான்: ஒன்று, இரண்டு, மூன்று.
முகத்தில் ஒன்றும் இல்லை.
வழுக்கிக்கொண்டு விழுகிற கியரை
யார் கவனிக்கப் போகிறார்கள்?
ரேடியோ பாடுமா என்று கேட்டான்.
இடது பக்கம் மட்டும், என்றேன்.

உறையில் பணம் கொடுத்தான், நான் எண்ணவில்லை.
படகு வரிசையில் நின்றபோது ஜன்னலைத் தட்டிச் சொன்னேன்:
"மேலே ஒரு சின்னக் குழி இருக்கு.
இரண்டு வருடத்துக்கு ஒருமுறை திறந்து பாரு."
டாக்ஸி ஓட்டுபவர்கள் வானிலை பற்றிப் பேசும்போது
பயணிகள் தலையாட்டுவார்களே,
அப்படி ஆட்டினான்.

முழங்கையில் கன்றிய நீலம்
பச்சையாகி, மஞ்சளாகி,
போன வாரம்தான் மறைந்தது.
அந்த எட்டாவது திருகாணி
டாக்ஸியின் சில்லறைத் தட்டில் கிடக்கிறது.
மீதி கொடுக்கும்போது
சிலருக்குத் தவறி அதையும் நீட்டிவிடுகிறேன்.