ஆபரேட்டர்

தக்கலையில் ஒரு பாலிடெக்னிக் ஆய்வகம்.
இடவப்பாதி மழைக்கு ஜன்னல்களைச் சாத்தியிருந்தார்கள்.
பதினாறு கம்ப்யூட்டர், நடுவே மரப்பலகைகள்.
யோசிப்பது அவை. நகர்த்துவது நாங்கள்.

அஜின் எழுதிய நிரலுக்குப் பெயர் அயனி.
"நீ ஒண்ணும் நினைக்காண்டாம்.
அது சொல்லுகதை வை, கிளாக்கைத் தட்டு."
உட்கார வைத்துவிட்டு வெளியே போனான்.
எழுதியவன் பலகை அருகே நிற்கக் கூடாதாம்.
நான் குலசேகரத்தில்
ரப்பர் ஷீட் கடைக்குக் கணக்கு எழுதுகிறவன்.
குதிரை நடை வரைக்கும் தெரியும்.

எதிரே வள்ளம். குளச்சல்காரர்களின் நிரல்.
அதற்குக் கையாக வந்தவள் டெல்பின்.
வில்லுக்குறி வளைவில் ஸ்கூட்டர் சரிந்து
வலது கையில் மாவுக்கட்டு.
இடது கையால் என் நகர்வைத் தட்டச்சு செய்து
இடது கையால் காயை எடுத்து வைத்து
அதே கையால் கடிகாரம் தட்டினாள்.
ஒவ்வொரு முறையும் நாலு விநாடி.
வள்ளத்துக்கு அது தெரியாது.
தன் நேரம் எங்கே ஒழுகுகிறதென்று
எந்தப் பலகையை அது தூக்கிப் பார்க்கும்?

அறுபத்தொன்றாம் நகர்வு.
யானை போனது, வந்தது, போனது, வந்தது.
திரையின் மூலையில் ஒரு மஞ்சள் கட்டம்:
அதே நிலை, மூன்றாம் முறை. டிரா கேட்கவும்.
கேட்க வேண்டியது நான்.
அயனிக்கு வாய் கிடையாது.
கையைத் தூக்கினால் நடுவர் வருவார்,
ஆளுக்கு அரைப் புள்ளி,
மழை விடுவதற்குள் சாயா குடிக்கப் போகலாம்.

அவள் கடிகாரத்தில் முப்பத்தெட்டு விநாடி.
முப்பத்தெட்டை நாலால் வகுக்க
சதுரங்கம் தெரிய வேண்டியதில்லை.

மஞ்சள் கட்டத்தை மூடினேன்.
யானையை வைத்தேன்.
அவள் வைத்தாள். நான் வைத்தேன்.
சும்மா இருந்ததற்கு
விதிப் புத்தகத்தில் தண்டனை இல்லை.
மாவுக்கட்டின் முனை பட்டு ஒரு சிப்பாய் உருண்டது.
அதை நிமிர்த்தி
கட்டத்தின் சரி நடுவில் வைத்தாள்,
அந்த நேரத்திலும்.

ஒன்று, பூஜ்யம்.
நான் கையெழுத்துப் போட்டேன்.
அவளுக்கு நடுவர் மைப்பெட்டி நீட்டினார்.

இரவு அழகியமண்டபம் முக்கில், சாயாக்கடை பெஞ்சில்,
அஜின் லேப்டாப்பைத் திறந்து
ஆட்டத்தின் பதிவைக் கீழேயிருந்து மேலே
தள்ளிக்கொண்டு வந்தான்.
"எப்பிடிலே ஜெயிச்சுது?
சமமாட்டுதானே கெடந்தது."
எழுபது. அறுபத்தாறு.
பழம்பொரி எண்ணெயை வேட்டியில் துடைத்தேன்.
அறுபத்திரண்டு.
இன்னொரு சாயா சொல்லட்டா என்று கேட்டேன்.