வியாழக்கிழமை சாட்சிக்கு

யசோதரன்,
வியாழன் உன் முறை என்று கேள்விப்பட்டேன்.
அவர்கள் அனுப்பிய கையேட்டில் இல்லாததை எழுதுகிறேன்.

அது கோர்ட் இல்லை.
கொவென்ட்ரி ஸ்டேஷனுக்குக் கிட்ட ஒரு ஹோட்டல்,
கல்யாணத்துக்கு வாடகைக்கு விடுகிற மண்டபம்.
கம்பளத்தில் போன சனிக்கிழமையின் ஜிகினா
இன்னும் கிடக்கிறது. குனிந்து பொறுக்கப் போய்விடாதே.
நான் போனேன்.

எந்தப் புத்தகத்தின் மேல் சத்தியம் என்பார்கள்.
கீதை இருக்கிறது, பைபிள் இருக்கிறது,
குர்ஆன் துணியில் சுற்றி இருக்கிறது.
என் கை ப்ளீச் மணக்குமோ என்று கூச்சம்.
ஒன்றையும் தொடாமல்
உறுதிமொழி அட்டையை வாசித்தேன்.

நாற்காலி சுழலாது.
நீ சொல்வதெல்லாம் எழுத்தாகித் திரையில் ஓடும்,
உன் வாய் மூடுமுன்னே.
இருமினாலும் 'இருமல்' என்று வருமோ என்று
அதையே பார்த்துக்கொண்டிருந்து
முதல் கேள்வியைக் கோட்டை விட்டேன்.

"இங்கே எவரும் குற்றவாளி அல்ல" என்பார் தலைவர்.
நம்பு.
ஆனாலும் முதுகு நனையும்.

ஒன்றேகால் மணிக்கு ஒரு தரம் இடைவேளை.
மொரீன் என்ற தொண்டர் பிஸ்கட் கொண்டுவருவாள்.
சாட்சியைப் பற்றி அவள் பேசக்கூடாது,
ஆகவே தன் முழங்கால் ஆபரேஷனைப் பற்றிப் பேசுவாள்.
கேட்டுக்கொண்டிரு. நெஞ்சுக்கு நல்லது.

உன் கையெழுத்தைக் கதவளவு பெரிதாக்கித்
திரையில் போடுவார்கள்.
என்னுடையது: மார்ச் ஒன்பது, விடியப்புறம் நாலு பத்து,
ஒன்பதாம் வார்டு, மூன்றாம் தொட்டிக் குழாய்,
பிறகு ஒற்றைச் சொல்: 'ஸ்மெல்'.
பெல்லமி என்ற வக்கீல், நல்ல மரியாதைக்காரர், கேட்டார்:
"கெட்ட ஸ்மெல் என்று நீங்கள் எழுதவில்லையே?"

எங்களுக்கு மல்லிகையும் மணக்கும்,
அழுகின மீனும் மணக்கும்.
எது என்று சொல்கிறவளின் மூஞ்சியில் தெரியும்.
லொக் புத்தகத்துக்கு ஏது மூஞ்சி?
மொழிபெயர்க்க வந்த பெடியன் திக்கிப்போனான்.
"பூச்சாடித் தண்ணியை ஒரு கிழமை மாத்தாமல் விட்டால்
வருமே, அது" என்றேன்.
ஆங்கிலமாகி மெல்ல ஏறி வந்தது.
பின்வரிசையில் யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள்.

பின்வரிசையைப் பற்றி உனக்கு ஒருவரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.
குடும்பங்கள் அங்கேதான் இருக்கும்.
ஹேசலின் மகன் இரண்டாவது நாற்காலி.
கீமோவில் வாய் காய்ந்து ஹேசல் ஐஸ் கேட்பாள்,
நடுச்சாமத்தில், நர்ஸ்மார் ஓடித் திரிகிற நேரம்.
அது என் வேலை இல்லை.
மொப்பைச் சுவரில் சாய்த்துவிட்டு
மெஷினில் அள்ளி வந்து கொடுப்பேன்.
பதினொரு இரவு.

அதைத்தான் கேட்பார்கள் என்று
ஆறு மாதமாகப் பதில் தேடினேன்,
இருபத்தொன்றாம் நம்பர் பஸ்ஸில்,
வெங்காயம் உரிக்கையில், பல் துலக்கையில்.
அவர்கள் சூப்பர்வைசரின் பெயர் கேட்டார்கள்.
எத்தனை தரம் முறைப்பாடு செய்தேன் என்று கேட்டார்கள்.
குழாய்க்கு வடிகட்டி பூட்டிய திகதி கேட்டார்கள்.
ஐஸை ஒருவரும் கேட்கவில்லை.

கடைசியில் தலைவர் கண்ணாடியைக் கழற்றி,
"வேறு ஏதாவது சேர்க்க விரும்புகிறீர்களா?"
எல்லாரிடமும் கேட்கிற கேள்வி அது.
இல்லை, நன்றி என்று எழும்பிவிடலாம்.
அநேகம் பேர் அப்படித்தான்.

நான் சொன்னேன்.

ஆங்கிலத்தில் ஐஸ் மூன்றே எழுத்து,
திரையில் வந்து அப்படியே நின்றது.
அந்த மகன் எழும்பி வெளியே போனான்.
கோட் நாற்காலியில் கிடந்தது.
திரும்பி வந்தானா என்று பார்க்க எனக்குத் தைரியமில்லை.

நீ சொல், சொல்லாதே என்று நான் சொல்லமாட்டேன்.

மேசையில் ஒரு ஜாடி தண்ணீர்
உனக்கென்றே மூடி வைத்திருப்பார்கள்.
நான் மூடியைத் திறந்து முகர்ந்துவிட்டு வைத்தேன்.
கமெராவில் அதுவும் பதிவாகியிருக்கும்.
தொண்டை கட்டாயம் காயும்.
வீட்டிலிருந்து ஒரு போத்தல் கொண்டு போ.
அனுமதி உண்டு, மொரீனிடம் கேட்டுவிட்டேன்.